டப்பாவுக்குள் ஒரு சாம்ராஜ்யம் – 11: லண்டன் சாவியும் கொல்லத்துக்காரரும்

திருவனந்தபுரத்தில் பாளையத்துக்கும் ஸ்டாச்யூவுக்கும் நடுவே ஸ்பென்சர் ஜங்ஷன் இருக்கிறது. ஸ்பென்சர் கடை இல்லை. சென்னையிலிருந்து வந்த அந்தக் கம்பெனி இங்கே சீமைச் சரக்கு விற்ற காலத்தை முதல் சில வாரங்களில் பார்த்தோம். 1880இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு பிஸ்கட் ஃபாக்டரி தொடங்கியதையும், அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை இந்த ஊருக்கு வந்து சாந்தா பேக்கரி திறந்ததையும் பார்த்தோம்.

1892இல் கல்கத்தாவில் ஒரு சிறிய வீட்டில் 295 ரூபாய் முதலோடு பிறந்த பிரிட்டானியா, 1924இல் லண்டன் பீக் ஃப்ரீன் கம்பெனியின் கைக்குப் போனது. 1957இல் அந்நியச் செலாவணி வறண்டது. இறக்குமதிக்குக் கடிவாளம் விழுந்தது. ஹண்ட்லி அண்ட் பாமர்ஸ் டப்பாக்கள் அலமாரியிலிருந்து மெல்ல இறங்கின. அந்த இடத்தில் பிரிட்டானியா பாக்கெட் ஏறி உட்கார்ந்தது.

சீமை டப்பா போய்விட்டது, சரி. ஆனால் பாக்கெட்டின் சொந்தக்காரர் யார்? சென்ற வாரம் இந்தக் கேள்வியில்தான் நிறுத்தினோம்.

நாற்பது சதவீதம்

1970களின் நடுவில் இந்தியாவில் இருந்த வெளிநாட்டுக் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் ஒரே தலைவலி, அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம். 1973இல் வந்த இந்தச் சட்டம், வெளிநாட்டார் கையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் பங்கு இருக்கக்கூடாது என்றது. விதிவிலக்குகள் உண்டு; பிஸ்கட்டுக்கு அந்தச் சலுகை கிடைப்பது கடினம். உயர் தொழில்நுட்பம் என்று மேரி பிஸ்கட்டைக் காட்டி எந்த அதிகாரியை நம்பவைக்க முடியும்?

கோகோ கோலா 1977இல் மூட்டை கட்டியது. ஐ.பி.எம். அடுத்த ஆண்டு போனது. பீக் ஃப்ரீன்காரர்கள் போகவில்லை. 1978இல் பொதுமக்களுக்குப் பங்கு விற்றார்கள். இந்தியர்கள் கையிலிருந்த பங்கு அறுபது சதவீதத்தைத் தாண்டியது. 1979இல் பெயரிலிருந்த ‘பிஸ்கட் கம்பெனி’ போய் ‘பிரிட்டானியா இண்டஸ்ட்ரீஸ்’ ஆனது.

காகிதத்தில் இது சுதேசி. நிஜத்தில் அப்படி இல்லை.

அறுபது சதவீதம் என்றால் பெரிய எண்தான். ஆனால் அது அரசு நிதி நிறுவனங்களிடமும், சேமிப்பை நம்பிப் போட்ட எண்ணற்ற சில்லறைப் பங்குதாரர்களிடமும் சிதறிக் கிடந்தது. நாற்பதுக்குச் சற்றுக் குறைவான பங்கு மட்டும் ஒரே கையில், அசோசியேட்டட் பிஸ்கட்ஸ் இண்டர்நேஷனல் என்ற லண்டன் கம்பெனியிடம் இருந்தது. சிதறிய அறுபதைவிட சேர்ந்த நாற்பது கனமானது. எந்தக் கூட்டுறவுச் சங்கத் தேர்தலைப் பார்த்தவருக்கும் இது தெரியும்.

ஆகவே பிரிட்டானியாவின் சாவி கல்கத்தாவில் இல்லை, பம்பாயில் இல்லை, டெல்லியில் இல்லை. லண்டனில் ஒரு மேஜை இழுப்பறைக்குள் இருந்தது. அந்த மேஜையை யார் வாங்குகிறாரோ அவரிடம் இந்தியாவின் பிஸ்கட் தானாக வந்து சேரும். இந்தியச் சட்டம் இதைத் தடுக்கவில்லை. கைமாற்றம் நடப்பது இந்திய மண்ணிலேயே இல்லையே!

தாய்வீட்டில் தளர்ச்சி

லண்டனில் அப்போது என்ன நிலைமை?

ஹண்ட்லி அண்ட் பாமர்ஸ் 1822இல் ரெடிங் நகரில் தொடங்கிய கடை. 1900 வாக்கில் சுமார் ஐயாயிரம் பேர் வேலை பார்த்த, உலகின் மிகப் பெரிய பிஸ்கட் ஆலை. பீக் ஃப்ரீன் 1857இல் லண்டனின் பெர்மண்ட்ஸி பகுதியில் பிறந்தது. கரிபால்டி 1861இல் இவர்களிடமிருந்து வந்தது. மேரியும் இவர்களுடையதுதான், 1874இல் விக்டோரியா மகாராணியின் மகன் ஆல்ஃபிரட், ரஷ்ய இளவரசி மரியாவை மணந்ததற்காகப் போட்ட பிஸ்கட். 1910இல் பர்பன். நம் ஊர் டீக்கடை ஜாடியில் பாதி இவர்கள் கற்பனை.

இந்த இரண்டு வீடுகளும் 1921இல் கைகோத்து அசோசியேட்டட் பிஸ்கட் ஆனார்கள். 1960இல் ஜேக்கப்ஸும் சேர்ந்தது. மூன்று பரம்பரைப் பெயர்கள், மூன்று பழைய ஆலைகள், மூன்று விற்பனைப் படைகள். சேர்ந்தார்களே தவிர ஒன்றாகவில்லை. வெளியே சூப்பர் மார்க்கெட்டுகள் தங்கள் பெயரிலேயே மலிவு பிஸ்கட் விற்க ஆரம்பித்தன. டப்பா, படம், தங்க விளிம்பு எல்லாம் செலவாக மாறின. 1976இல் ரெடிங் ஆலையில் பிஸ்கட் போடுவதே நின்றது.

ஒரு சாம்ராஜ்யம் முழுக்க டப்பா அனுப்பிய ஊர் அது. அங்கே அடுப்பு அணைந்தபோது திருவனந்தபுரத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். வீட்டிலிருந்த பழைய டப்பாவில் அதற்குள் கொண்டைக் கடலையோ பொத்தானோ நூலோ குடிவந்திருக்கும்.

1982இல் அமெரிக்காவின் நபிஸ்கோ பிராண்ட்ஸ் வந்தது. அசோசியேட்டட் பிஸ்கட்டை மொத்தமாக வாங்கியது. கூடவே, யாரும் பெரிதாகக் கவனிக்காமல், இழுப்பறையில் கிடந்த இந்தியச் சாவியும் அட்லாண்டிக்கைக் கடந்தது.

முந்திரிக்காரர் வீட்டுப் பிள்ளை

இனி நாம் திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே எழுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் கொல்லத்துக்குப் போகவேண்டும்.

கொல்லம் என்றால் முந்திரி. தோட்டம் எங்கிருந்தாலும், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தாலும், கொட்டை உடைவது இங்கே. வறுத்த கொட்டையை உடைக்கும்போது தெறிக்கும் எண்ணெய் தோலை அரித்துவிடும். அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் பெண்கள். உடைந்த பருப்பைத் தரம் பிரித்து, முழுப்பருப்பை டபிள்யூ 180, 240, 320 என்று எண் போட்டு ஏற்றுவார்கள். ஒரு பவுண்டு எடையில் எத்தனை பருப்பு நிற்கிறது என்பதுதான் அந்த எண். வெள்ளைக்காரன் போய் இத்தனை வருஷமாகியும் கொல்லத்து முந்திரிக்குப் பவுண்டுதான் கணக்கு.

ராஜன் பிள்ளை 1947இல் பிறந்தது இந்தத் தொழிலில்தான். தந்தை ஜனார்த்தனன் பிள்ளை முந்திரி ஏற்றுமதியாளர். மகன் படித்தது டி.கே.எம். பொறியியல் கல்லூரியில். அதுவும் தங்ஙள் குஞ்ஞு முசலியார் என்ற முந்திரி அதிபர் கட்டிய கல்லூரி. அந்த ஊரில் முந்திரியைத் தவிர்த்துவிட்டு எதையும் சொல்ல முடியாது.

எழுபதுகளின் நடுவில் ராஜன் பிள்ளை சிங்கப்பூர் போனார். அங்கே ட்வெண்டியத் செஞ்சுரி ஃபுட்ஸ் என்ற கம்பெனி. உருளைக்கிழங்கு வறுவலும் நிலக்கடலையும் பொட்டலம் போட்டு விற்பது. அப்பா கொட்டையை மூட்டையாக ஏற்றினார், பிள்ளை கொட்டையைப் பொட்டலமாக்கினார். பெரிய தாவல் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பொட்டலம் அவரை ஓர் அமெரிக்கக் கம்பெனியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

அந்தக் கம்பெனி ஸ்டாண்டர்டு பிராண்ட்ஸ். அமெரிக்காவில் கடலைக்கும் முந்திரிக்கும் முதல் பெயரான பிளாண்டர்ஸ் அவர்களுடையது. அதன் தலைமையில் இருந்தவர் ரோஸ் ஜான்சன் என்ற கனடாக்காரர். சிரிப்பும் விருந்தும் பேரமும் கலந்த மனிதர். ஒரு கம்பெனியைக் கட்டிக் காப்பதைவிட அடுத்ததோடு இணைப்பதில்தான் அவருக்கு ருசி. சிங்கப்பூரிலிருந்த இந்த மலையாளி இளைஞரை அவருக்குப் பிடித்துப்போனது.

1981இல் ஸ்டாண்டர்டு பிராண்ட்ஸும் நபிஸ்கோவும் இணைந்தன. அடுத்த ஆண்டு நபிஸ்கோ லண்டன் பிஸ்கட் வீடுகளை வாங்கியது. 1985இல் சிகரெட் கம்பெனியான ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் 490 கோடி டாலர் கொடுத்து நபிஸ்கோவையே விழுங்கியது. ஒவ்வொரு இணைப்பிலும் ஜான்சன் ஒரு படி மேலே ஏறினார். அவர் ஏற ஏற ராஜன் பிள்ளையும் ஏறினார். ஜான்சன் அவரை லண்டனுக்கு, ஹண்ட்லி அண்ட் பாமர் நிர்வாகத்துக்கே அனுப்பிவைத்தார்.

வாசகர் இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். திருவிதாங்கூரில் வெள்ளைக்காரத் துரையின் மாலைத் தேநீருக்கு டப்பா அனுப்பிய கம்பெனி. இப்போது அதன் நாற்காலியில் திருவிதாங்கூர்க்காரர் ஒருவர்.

109 டாலர்

1988 அக்டோபர். ரோஸ் ஜான்சனுக்கு ஒரு யோசனை வந்தது. கடன் வாங்கி, தான் நிர்வகிக்கும் கம்பெனியைத் தானே வாங்கிவிடலாம். பங்குக்கு 75 டாலர் தருகிறேன் என்றார்.

அவர் வாயைத் திறந்ததுதான் தாமதம், நியூயார்க்கின் பணமுதலைகள் மொத்தமும் கூடிவிட்டார்கள். ஆறு வாரம் ஏலம் நடந்தது. நவம்பர் கடைசியில் கோல்பெர்க் கிராவிஸ் ராபர்ட்ஸ் என்ற நிதி நிறுவனம் பங்குக்கு 109 டாலர் என்று ஜெயித்தது. மொத்தம் 2,500 கோடி டாலர். அன்றைய தேதியில் உலகம் அதுபோல ஒரு கம்பெனி வியாபாரத்தைப் பார்த்ததில்லை. இதைப் பற்றி ஒரு தடித்த புத்தகமும், அதிலிருந்து ஒரு திரைப்படமும் வந்தன. ஜான்சன் வெளியே போனார், கைநிறையப் பணத்தோடு.

ஜெயித்தவர்கள் கையில் கம்பெனி இருந்தது. தலையில் கடன் இருந்தது. கடனை அடைக்க ஒரே வழி, வாங்கியதைத் துண்டு போட்டு விற்பது. 1989இல் ஐரோப்பிய பிஸ்கட் வியாபாரத்தை 250 கோடி டாலருக்கு பி.எஸ்.என். என்ற பிரெஞ்சுக் கம்பெனி எடுத்தது. பின்னால் டானோன் என்று பெயர் மாற்றிக்கொண்டது இதே கம்பெனிதான்.

அதே 1989, மே 26. பெர்மண்ட்ஸியில் பீக் ஃப்ரீன் ஆலை கடைசி முறையாக மூடப்பட்டது.

அந்தப் பகுதிக்கு லண்டனில் பிஸ்கட் டவுன் என்றே பெயர். மாவும் சர்க்கரையும் வேகும் வாசனை தெருத்தெருவாக நிற்கும். தாத்தா, அப்பா, மகள் என்று ஒரே ஆலை வாசலில் நுழைந்த குடும்பங்கள் இருந்தன. 1906இலேயே அந்த ஆலைக்குள் கேமரா போயிருக்கிறது. மாவிலிருந்து பெட்டி வண்டி ஏறுவது வரை காட்டும் மௌனப் படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. சென்னையில் பாடி வழியாகப் பேருந்தில் போய், பிரிட்டானியா நிறுத்தம் வருவதை மூக்கால் அறிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஆலை மூடியதற்கு நியூயார்க் ஏலத்தை மட்டும் காரணமாகச் சொல்வது சரியில்லை. பழைய ஆலை, நகரின் நடுவே விலை உயர்ந்த நிலம், வேறிடத்தில் மலிவாகப் போட முடிகிற பிஸ்கட் என்று காரணங்கள் முன்பே வரிசையில் நின்றன. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ருசி மாறியதால் அந்த பிஸ்கட் வீடுகள் அழிந்தன என்று இங்கிலாந்தில் இன்றும் புலம்புகிறவர்கள் உண்டு. அழித்தது வாய் இல்லை, கணக்குப் புத்தகம். பத்து வருடத்துக்குள் மூன்று முதலாளிகள் மாறினார்கள். கடைசியில் அந்தப் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அக்கறை யாருக்கும் இல்லை.

அதே வருடம், அதே பிஸ்கட், இங்கே

பெர்மண்ட்ஸி மூடிய அதே மழைக்காலத்தில் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் ஒருவர் “ஒரு சாயா, ரெண்டு மேரி” என்று கேட்டிருந்தால், கடைக்காரர் மறுபேச்சில்லாமல் ஜாடி மூடியைத் திருகியிருப்பார்.

அந்த மேரியைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்க்கலாம். ஓரத்தில் கோலம் போட்டதுபோல ஒரு வரி. நடுவில் பெயர். சுற்றிலும் சின்னச் சின்னத் துளைகள். துளை அழகுக்கு இல்லை. அடுப்பில் ஆவி வெளியேற வழி. துளையில்லாவிட்டால் பிஸ்கட் பூரிபோல உப்பி, நடுவே பொள்ளலாகிவிடும். மேரிக்கு மாவை நெடுநேரம் பிசைவார்கள், கொழுப்பும் சர்க்கரையும் குறைவாகப் போடுவார்கள். அதனால்தான் அது சூடான சாயாவில் ஒரு கணம் தாக்குப்பிடிக்கிறது. மறுகணம் என்னாகும் என்பது குடிப்பவர் சாமர்த்தியம்.

கொழுப்புக் குறைவான இந்த பிஸ்கட்டுக்கு இங்கிலாந்தில் கிடைக்காத ஒரு பதவி நம் ஊரில் கிடைத்தது. காய்ச்சலுக்கு மேரி. ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்கப் போனால் ஒரு ஹார்லிக்ஸ், நாலு ஆரஞ்சு, ஒரு பாக்கெட் மேரி. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வாசல் கடைகளில் அந்த மஞ்சள் பாக்கெட் குறைந்து நான் கண்டதில்லை. ரஷ்ய இளவரசியின் கல்யாண பிஸ்கட் இங்கே கஞ்சிக்குத் துணையாகிவிட்டது!

பர்பனும் அப்படித்தான். 1955இல் பிரிட்டானியா அதை இந்தியாவில் போட ஆரம்பித்தது. இறக்குமதி மூடிய பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு க்ரீம் பிஸ்கட் என்றால் முதலில் மனதில் வந்தது அதுதான். எல்லையின் அந்தப் பக்கம் கராச்சியில் பீக் ஃப்ரீன் கூட்டோடு எழுந்த ஆலை, இன்றும் அதே பெயரைப் பாக்கெட்டில் அச்சிடுகிறது. தாய்வீட்டில் அணைந்த அடுப்பு சம்பந்தி வீடுகளில் எரிந்துகொண்டிருந்தது.

பிஸ்கட் ஞாபகம் லேசுப்பட்டதில்லை என்பதற்குப் பக்கத்து மாநிலத்துச் சாட்சி ஒன்று உண்டு. மில்க் பிக்கிஸின் பழைய பூ வடிவம் கடைகளிலிருந்து மறைந்து, 2020இல் தமிழ்நாட்டுக்காகவே ‘கிளாசிக்’ என்ற பெயரில் திரும்பி வந்தது. பூவிதழை ஒவ்வொன்றாகக் கடித்து வளர்ந்தவர்கள் விடவில்லை.

ஆனால் 1989இல் சாலையில் சாயா குடித்தவருக்குத் தெரியாத சேதி ஒன்று இருந்தது. லண்டன் மேஜை மறுபடியும் விலைக்கு வந்திருந்தது.

பிஸ்கட் ராஜா

ஐரோப்பா பிரெஞ்சுக்காரர்களுக்குப் போனது. ஆசியா?

ஜான்சனின் நிழலில் வளர்ந்தவர், ஜான்சன் விழுந்தபோது விழவில்லை. ராஜன் பிள்ளை பி.எஸ்.என்.னோடு கைகோத்தார். 1989இல் அவர் பிடியில் ஆறு ஆசிய நிறுவனங்கள் இருந்தன. மதிப்பு 40 கோடி டாலருக்கு மேல் என்றார்கள். அதில் ஒன்று பிரிட்டானியா.

பத்திரிகைகள் அவருக்கு ‘பிஸ்கட் ராஜா’ என்று பட்டம் சூட்டின. கேரளத்தில் அது வெறும் வியாபாரச் செய்தியாக இருக்கவில்லை. மலையாளி வெளிநாடு போனால் கணக்கெழுதுவான், நர்ஸாவான், வளைகுடாவில் வெயிலில் வேலை செய்து பணம் அனுப்புவான். கம்பெனிகளை வாங்குகிற மலையாளி என்று ஒருவரைக் காட்ட அன்றைக்கு வேறு ஆள் கிடைப்பது கஷ்டம். 65 வருடங்களுக்கு முன்பு லண்டனுக்குப் போன பிரிட்டானியா ஒரு கொல்லத்துக்காரர் கையில் திரும்பி வந்திருக்கிறது என்ற பெருமிதத்துக்கு நியாயம் உண்டு.

எனக்கு மட்டும் அந்தப் பெருமிதத்தில் ஒரு சின்ன நெருடல். பிரிட்டானியா திரும்பி வந்ததா என்ன? சாவி இன்னும் லண்டன் கம்பெனியின் பெயரில்தான் இருந்தது. பங்குகள் ஒரு நாட்டுக் கம்பெனி வழியாக இன்னொரு நாட்டுக் கம்பெனி, அதன் வழியாக மூன்றாவது என்று அடுக்கடுக்காக நின்றன. அடுக்கின் உச்சியில் ராஜன் பிள்ளை தெரிந்தார். அவருக்குப் பக்கத்தில் பாரிஸ்காரர்கள் இருந்தார்கள். அவர்களுடைய கண்ணும் இந்தியா மேல்தான்.

இன்னொரு ஜோடிக் கண்ணும் இருந்தது. பம்பாய் டையிங் அதிபர் நுஸ்லி வாடியா. ஜின்னாவின் மகள்வழிப் பேரன். பிரிட்டானியா மேல் அவருக்கு ஆசை புதிதில்லை. அது தன் கைக்கு எட்டாமல் போனதை அவர் மறக்கவுமில்லை.

1993

முதலில் சிங்கப்பூரில் முணுமுணுப்பு. ராஜன் பிள்ளையின் முன்னாள் கூட்டாளிகளிடமிருந்தே புகார்கள் கிளம்பின. கம்பெனிப் பணம் போன வழி சரியில்லை என்றார்கள். அந்த நாட்டின் வணிகக் குற்றப் பிரிவு கோப்பைத் திறந்தது. சிங்கப்பூரில் அப்படி ஒரு கோப்பு திறந்தால், தானாக மூடிக்கொள்ளும் பழக்கம் அதற்குக் கிடையாது.

அடுத்து இடி விழுந்தது போர்டு அறையில். இதுவரை பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக்காரர்கள் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். அங்கே ஏற்கெனவே வாடியா இருந்தார். 1993இல் லண்டன் கம்பெனியில் வாடியாவும் பி.எஸ்.என்.னும் சமபங்குக்காரர்கள். 69 வருடம் கழித்து அந்த இழுப்பறை மறுபடியும் திறந்தபோது, அதைச் சுற்றி நின்றவர்களில் ராஜன் பிள்ளை இல்லை.

நான்கு வருட ராஜாங்கம். ஒரு துண்டுக் காகிதத்தில் முடிந்தது.

இத்தனை லேசாக ஒரு கம்பெனி கைமாறுமா? பங்கு அவருடையது என்றால், அவரை மீறி எப்படிப் போனது? 1989இல் லண்டனில் மேஜையை வாங்கப் போட்ட பணத்தில் கொல்லத்துக்காரரின் பணம் எவ்வளவு, பாரிஸின் பணம் எவ்வளவு? இந்தக் கணக்குக்கு விடை தேடித்தான் வழக்குகள் பல நாட்டு நீதிமன்றங்களில் ஏறின. 1995 ஏப்ரலில் சிங்கப்பூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லக் காத்திருந்தபோது, அந்த மனிதர் இந்தியாவுக்கு விமானம் ஏறிவிட்டார்.

சொந்த மண்ணுக்கு வந்துவிட்டால் தப்பிக்கலாம் என்று அவர் நம்பினார். எதை நம்பி, யாரை நம்பி அந்த விமானத்தில் ஏறினார்?

(தொடரும்)